‘லாம்’ இல்லாத சட்டம்

இந்தியாவில் செவிலியர் தொழிலை ஆளும் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பவருக்கு முதலில் புலப்படுவது இலக்கணம் சார்ந்த ஒரு வெறுமை. ‘வேண்டும்’ ஏராளமாக இருக்கிறது: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயில வேண்டும், மாநிலக் கவுன்சிலில் பதிவுசெய்துகொள்ள வேண்டும், உரிய காலத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ‘கூடாது’ என்பதற்கும் குறைவில்லை: பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்ளக் கூடாது, பொய்ச் சான்று காட்டக் கூடாது. தேடியும் அகப்படாதது ‘லாம்’. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் ஒரு செவிலியர் தம் கல்வியையும் அனுபவத்தையும் கொண்டு எதைச் செய்யலாம், மருத்துவரைக் கேளாமல் எதுவரை போகலாம் என்று சொல்லும் வாக்கியம் அவற்றில் இல்லை. (ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டங்களில் தமிழ் விகுதியைத் தேடுவது முறையா என்று கேட்கலாம். விகுதி தமிழுக்கு உரியது. அனுமதி எல்லா மொழிக்கும் பொது.)

இக்குறை தற்செயலானதன்று. அச்சட்டங்கள் எதற்காகப் பிறந்தனவோ அதிலேயே அதன் வேர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செவிலியர் இயக்கங்கள் போராடியது ஒரு பெயரைக் காப்பதற்காக. மூன்றாண்டு பயின்றவரும் நேற்று வேலைக்கு வந்தவரும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்ட காலம் அது. பயின்றவர்களின் பெயர்களை அரசு ஒரு பதிவேட்டில் எழுதிக் காக்க வேண்டும் என்பதே கோரிக்கை. நியூசிலாந்து 1901இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் அதே கோரிக்கை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இழுபட்டது. எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும். தேர்வும் பட்டியலும் ஒரு செவிலியின் குணத்தை அளக்கமாட்டா என்பது அவருடைய வாதம். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1919இல், அங்கே சட்டம் வந்தது. அடுத்த ஏழாம் ஆண்டில், 1926இல், சென்னை மாகாணம் தன் செவிலியர், தாதியர் சட்டத்தை இயற்றியது. விடுதலைக்குப் பின் வந்த இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947ஆம் ஆண்டின் 48ஆம் சட்டம். அதன் முகவுரை கூறும் நோக்கம் ஒன்றே: செவிலியர், தாதியர், சுகாதாரப் பார்வையாளர் ஆகியோருக்கு ஒரே சீரான பயிற்சித் தரம். பயிற்சி முடிந்த பிறகு அவர் என்ன செய்வார் என்பது அன்றைய சட்டமன்றங்களுக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. மருத்துவர் சொல்வதைச் செய்வார், வேறென்ன?

பதிவேட்டை எளிதாக எண்ணிவிடலாகாது. 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கைச் சட்ட மாணவர்கள் அறிவர். டைபாய்டு கண்டு சேர்க்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு நரம்பு வழியே ஊசி செலுத்தப்பட்டது. உடனே இதயம் நின்றது. உயிர் மீண்டது, மூளை மீளவில்லை. ஊசி போட்டவர் முறையான தகுதி பெற்றவரல்லர், எந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு பெற்றவருமல்லர். சிறுவனுக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாயும் பெற்றோருக்கு ஐந்து லட்சம் ரூபாயும் இழப்பீடு உறுதிசெய்யப்பட்டது. பதிவேடு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று தேவையில்லை. ஆனால் பதிவேடு இருக்கும் இடத்தில், பெயர் அதில் முறையாக எழுதப்பட்ட ஒருவருக்கு என்ன நேரும் என்பது வேறு கதை.

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்டு, பெங்களூருவில் நான்காண்டு நர்சிங் பட்டம் பெற்று, இப்போது தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் பதிவுபெற்றது கர்நாடகக் கவுன்சிலில். தில்லிக்கு வந்தபோது அந்தப் பதிவு அவரோடு வரவில்லை. பட்டம் நாடு முழுதும் செல்லும், பதிவு செல்லாது. கர்நாடகத்திலிருந்து தடையின்மைச் சான்று, சரிபார்ப்புக் கடிதம், மறுபடியும் கட்டணம், மறுபடியும் புகைப்படம், பிறகு தில்லிக் கவுன்சிலின் எண். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையை விரித்தால் இதன் காரணம் விளங்கும். மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலின் 6ஆம் இனம். சட்டம், மருத்துவம் முதலிய தொழில்கள் பொதுப்பட்டியலின் 26ஆம் இனம். கட்டடம் ஒரு பட்டியலில், அதனுள் நடமாடும் மனிதர் இன்னொரு பட்டியலில். இவ்வளவு கடந்து வந்த அவரிடம் இரண்டு மாநிலங்களின் சான்றிதழ்கள் இருக்கின்றன. தேசிய அடையாள எண்ணும் இருக்கிறது. தாம் செவிலியர் என்பதை எந்த நீதிமன்றத்திலும் அவரால் மெய்ப்பிக்க முடியும்.

ஓர் இரவு, மணி இரண்டரை. குடலில் துளை விழுந்து அறுவை முடிந்து இரண்டாம் நாள் நோயாளி. நச்சுக் கிருமி இரத்தத்தில் பரவியிருந்தது. நோராட்ரீனலின் மருந்து பம்ப் வழியாக மணிக்கு 5 மில்லிலிட்டர் வீதம் போய்க்கொண்டிருந்தது. சராசரி தமனி அழுத்தம் 65க்குக் குறையாமல் காக்க வேண்டும் என்பது மாலைச் சுற்றில் மூத்த மருத்துவர் எழுதிவைத்த இலக்கு. இலக்கு எழுதப்பட்டிருந்தது; அதை எட்ட மருந்தின் அளவை யார், எவ்வளவு மாற்றுவது என்பது எழுதப்படவில்லை. மானிட்டரில் எண் 60 ஆனது, 56 ஆனது, 52 ஆனது. டியூட்டி டாக்டர் இரண்டு மாடி கீழே வேறொரு நோயாளியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் தொலைபேசியை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது கவுன்சிலின் நெறி. அன்று அவர் பொறுப்பில் மூவர். அவர் பம்பின் வேகத்தை 5இலிருந்து 7க்கு உயர்த்தினார். எட்டு நிமிடம் கழித்து மருத்துவர் திரும்ப அழைத்தபோது அழுத்தம் 66 ஆகியிருந்தது. அப்போது அவர் தம் பழகிய இந்தியில் கேட்டார்: ‘படா தூ, சர்?’

இந்த வினா சற்று நின்று கவனிக்கத்தக்கது. தமிழில் இது ‘கூட்டட்டுமா?’ தன்மையில் வரும் விழைவு வடிவம். செயல் இன்னும் நிகழவில்லை, கேட்பவரின் இசைவுக்காகக் காத்திருக்கிறது என்பது அதன் இலக்கணப் பொருள். நிகழ்ந்ததோ எட்டு நிமிடத்துக்கு முன்பு. மருத்துவருக்கும் அது தெரியும். அவர் ‘ஆம், ஏழாக்குங்கள் சிஸ்டர்’ என்றார். காலை ஆறு மணிக்கு மேல் வந்து சிகிச்சைத் தாளில் ‘2.40, தொலைபேசி உத்தரவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே இருவரும் நினைத்தனர். நாட்டின் எண்ணற்ற வார்டுகளில் இரவுதோறும் நடக்கும் சடங்கு இது. முடிவை எடுப்பவர் அதை வினாவாக மாற்றிக் கொடுக்கிறார். வினாவைப் பெற்றவர் அதை உத்தரவாக மாற்றித் திருப்பித் தருகிறார். தீர்மானம் செவிலியருடையது, வாக்கியம் மருத்துவருடையது. நோயாளி பிழைக்கும்வரை இந்த ஏற்பாட்டில் எவருக்கும் குறையில்லை.

அந்த நோயாளி மூன்றாம் நாள் இறந்தார். குடும்பத்தார் முறையிட்டனர், மருத்துவமனை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இன்ஃப்யூஷன் பம்புக்கு நினைவாற்றல் உண்டு என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தனர். வேகம் மாற்றப்பட்டது 2.32 என்றது இயந்திரம், உத்தரவு 2.40 என்றது தாள். எட்டு நிமிடத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

விளக்கக் கடிதம் மூன்று முறை எழுதப்பட்டது. முதல் வரைவில் வாக்கியங்கள் செயப்பாட்டு வினையில் இருந்தன: அழுத்தம் குறைந்தது காணப்பட்டது, மருந்தின் அளவு உயர்த்தப்பட்டது. எழுவாய் எங்குமில்லை. பிரிவின் மூத்த செவிலியர், கோட்டயத்துக்காரர், அதைப் படித்துவிட்டு, “இதெல்லாம் வேண்டாம் மோளே. டெலிபோன் ஆர்டர் பிரகாரம்னு ஒரு வரி எழுதிக் கொடு, தீர்ந்தது” என்றார்.

“பம்ப்ல நேரம் இருக்கே, சேச்சி.”

“கடிகாரம் தப்பா ஓடுதுன்னு எழுது. இங்கே எந்தக் கடிகாரம் சரியா ஓடுது?”

அது கெட்ட எண்ணத்தில் சொன்னதன்று. இருபது ஆண்டு அனுபவம் சொன்னது. இரண்டாம் வரைவு அப்படியே எழுதப்பட்டது, கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டது மூன்றாவது. அதன் முதல் வாக்கியம்: மருந்தின் வேகத்தை நான் உயர்த்தினேன்; அதன்பின் மருத்துவரிடம் பேசினேன். அடுத்த வாக்கியங்களில் 60, 56, 52 என்ற எண்களும் அவற்றின் நேரங்களும். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

குழுவின் அறிக்கை இரண்டு முடிவுகளைக் கூறியது. மருந்தின் அளவைக் கூட்டியது மருத்துவ நோக்கில் சரியானது. மரணத்துக்குக் காரணம் நோயின் கடுமையே. செவிலியர் தம் அதிகார வரம்பை மீறினார். எனவே எழுத்துமூலம் எச்சரிக்கப்படுகிறார். சரியான செயல், வரம்பு மீறிய செயல் என இரண்டு விவரிப்புகள் ஒரே செயலின் மேல், ஒரே பக்கத்தில். அந்த வரம்பு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வரையப்பட்டிருக்கிறது என்று அறிக்கை குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருக்கவும் முடியாது. வரம்பு வரையப்படாத இடத்தில் அதை மீறியதாக ஒருவரைக் குற்றம் சாட்டுவது எளிது, தாம் மீறவில்லை என்று அவர் காட்டுவது அரிது என்பதே இந்நிலையின் உண்மையான அநீதி.

அப்படியானால் இந்தியச் சட்டம் செவிலியரின் தீர்மானத்தை எங்குமே நம்பவில்லையா? நம்புகிறது, ஆச்சரியமான ஓரிடத்தில். மருந்து விதிகளின்படி எச் அட்டவணை மருந்துகளுக்குச் சீட்டு எழுதத் தக்கவர் பதிவுபெற்ற மருத்துவரே. ஆனால் அதே விதிகளின் கே அட்டவணை, அரசின் நலவாழ்வுத் திட்டங்களின் கீழ் துணை சுகாதார நிலையங்களில் பணியாற்றும் செவிலியரும் ஏ.என்.எம்.களும் மருந்து வழங்குவதற்கு விற்பனை உரிமத்திலிருந்து விலக்களிக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் பேறுகால வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வலிப்பு கண்ட கர்ப்பிணியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன், ஏ.என்.எம். தாமே மக்னீசியம் சல்பேட்டின் முதல் அளவைச் செலுத்தலாம்: பிட்டத்தின் இருபுறமும் ஐந்து ஐந்து கிராம். இதோ, தேடிய ‘லாம்’. மருத்துவர் அருகில் இல்லாத கிராமத்தில், நான்காண்டுப் பட்டம் பெறாத ஒரு பெண்ணின் கையில் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் நிறைந்த நகரத்துக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் பட்டதாரிச் செவிலியர் ஒரு காய்ச்சல் மாத்திரைக்கும் தாளில் கையெழுத்துத் தேடுகிறார். ஆகவே இங்கே அனுமதியை அளப்பது கல்வியன்று, மருத்துவர் இருக்கும் தூரம். அவர் விலகியிருக்கும் அளவுக்குச் செவிலியரின் திறன் வளர்கிறது. அவர் நெருங்கினால் சுருங்குகிறது. இதைத் தகுதி பற்றிய கொள்கை என்று அழைப்பது கடினம். ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு என்பதே நேர்மையான பெயர்.

அந்த ஏற்பாட்டைச் சட்டமாக்க முயன்றபோது என்ன நடந்தது என்பதும் நினைவிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், தன் 32ஆம் பிரிவில், இடைநிலைச் சமுதாய நலப் பணியாளர்களுக்கு வரையறுத்த அளவில் மருந்து எழுதும் உரிமம் தர வழி வைத்தது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று இந்திய மருத்துவர் சங்கம் நாடு தழுவிய ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தது. எதிர்ப்பின் மையங்களுள் ஒன்று இந்தப் பிரிவு. போலி மருத்துவர்களுக்குக் கதவு திறக்கப்படுகிறது என்பது வாதம். போலிகள் பற்றிய அச்சம் பொய்யன்று. ஆனால் அதே மருத்துவர்கள் இரவு இரண்டரை மணிக்குச் செவிலியரின் கணிப்பை நம்பித்தான் உறங்குகிறார்கள் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

வெளிநாடுகளில் இந்தக் கேள்வி முன்பே எழுந்தது. அமெரிக்காவில் வடக்குக் கரோலினா 1903இல் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. அதுவும் பெயரைக் காத்த சட்டமே. 1938இல் நியூயார்க் மாநிலம்தான் செவிலியர் பணி எது என்று வரையறுத்து, அதைச் செய்வதற்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பெயரிலிருந்து பணிக்கு நகர அந்நாட்டுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. எல்லைச் சண்டைகள் அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் இன்றுவரை தொடர்கின்றன. பிரிட்டனில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்கள் 2006 முதல் தம் திறனுக்குட்பட்டு ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் தாமே எழுதலாம். தில்லியில் பம்பின் பொத்தானை அழுத்தியதற்காக எச்சரிக்கப்பட்டவரின் வகுப்புத் தோழியர் சிலர் இன்று அங்கேதான் வேலை செய்கிறார்கள். விமானம் ஏறியதால் அறிவு கூடியிராது.

இங்கே நடந்தவை பெரும்பாலும் பெயர் மாற்றங்கள். 2016இல் மத்திய அரசு மருத்துவமனைகளில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்ற பதவி ‘நர்சிங் ஆபீசர்’ ஆயிற்று. மதிப்புக்குரிய மாற்றம்தான், வார்டில் இன்னும் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கிறார்கள், ஆண் செவிலியரை ‘பிரதர்’ என்கிறார்கள். (சங்கப் பாடல்களில் செவிலி வளர்ப்புத்தாய். தாய், சகோதரி என்று உறவு மாறுகிறதே தவிர, உறவுமுறைப் பெயரிலிருந்து தொழிற்பெயருக்கு இத்தொழில் முழுதாகக் குடிபெயர்ந்ததில்லை.) 2017இல் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் ஈராண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதை முடித்தவர் சுவாசக் கருவியை அமைக்கக் கற்றிருக்கிறார். மருந்து விதிகளில் அவருக்கென்று ஒரு வரி சேர்க்கப்படவில்லை. 2023 ஆகஸ்டில் தேசிய நர்சிங், மகப்பேறு செவிலிய ஆணையச் சட்டம் நிறைவேறி, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்ள வழிசெய்தது: 29 உறுப்பினர் ஆணையம், மூன்று தன்னாட்சி வாரியங்கள், மாநில ஆணையங்கள், தேசியப் பதிவேடு. வாரியங்களின் பெயர்களை வாசித்தால் கல்வி இருக்கிறது, தரமதிப்பீடு இருக்கிறது, ஒழுக்கமும் பதிவும் இருக்கின்றன. பணி எதுவரை என்னும் கேள்விக்குரிய விடை பெயர்ப்பலகையில் இல்லை. இச்சட்டத்தின் கீழ் எழுதப்படும் ஒழுங்குமுறைகளில்தான் அது வந்தாக வேண்டும். அந்த ஒழுங்குமுறைகளை எழுதும் அறையில் இரவுப் பணி பார்க்கும் ஒருவராவது அமர்ந்திருப்பாரா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தில்லி மருத்துவமனையில் எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் சேர்ந்த மறுமாதம், குழுவில் உறுப்பினராக இருந்த நர்சிங் சூப்பிரண்டெண்ட் ஒரு கேள்வியை நிர்வாகத்துக்கு எழுதி அனுப்பினார்: வரம்பு எது என்று தெரிவித்தால் அதைச் செவிலியர்களுக்குக் கற்பிக்க வசதியாக இருக்கும். கிண்டலா, பணிவா என்று பிரித்தறிய முடியாத நடை. பதில் வர ஐந்து மாதங்கள் ஆயின. வந்தது ஒற்றைத் தாள், மூத்த மருத்துவர் மூவரின் கையெழுத்தோடு. சராசரி தமனி அழுத்தம் 65க்குக் கீழே இறங்கினால், பொறுப்புச் செவிலியர் நோராட்ரீனலினின் வேகத்தை ஒருமுறைக்கு 2 மில்லிலிட்டர் வீதம், மணிக்கு 10 வரை உயர்த்தலாம். உயர்த்திய நேரத்தைக் குறித்து, பதினைந்து நிமிடத்துக்குள் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுவது பற்றி அதில் ஒன்றுமில்லை.

அந்தத் தாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கு அவரே அதைப் படித்துக் காட்டுகிறார். நோயாளி சற்றுத் தேறிப் பக்கத்து வார்டுக்கு மாற்றப்படும்போது பம்பும் உடன் போகிறது, தாள் போவதில்லை. அங்கே இரவில் தொலைபேசி எடுப்பவர்கள் இன்னும் ‘படா தூ, சர்?’ என்றுதான் கேட்கிறார்கள்.